கோப்பின் நாளும் ஏட்டின் நாளும்

ஓர் எழுத்து எப்போது எழுதப்பட்டது என்பதை அறியாது அதன் வரலாற்றை உரைக்கப் புகுவது, அத்திவாரம் இடாது மதில் எழுப்புவதை ஒக்கும். இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். கல்லிலே எழுதியோர் அரசனின் ஆட்சியாண்டைப் பொறித்தனர். ஏட்டிலே எழுதியோர் நூலின் இறுதியிலே ஆண்டும் மாதமும் தேதியும் கிழமையும் நட்சத்திரமும் குறித்து, இன்ன ஊரினன் இன்னான் எழுதி முடித்தான் என்று கையொப்பமும் இட்டனர். நொத்தாரிசு எழுதும் காணி உறுதியில் நாளைக் குறித்தல் வேண்டும் என்பதை நம் ஊரில் எழுத்தறியாதாரும் அறிவர்.

இன்றோ எழுதுகோலின் இடத்தைக் கணினி கொண்டுவிட்டது. நாளைக் குறிக்கும் பொறுப்பையும் அதனிடமே ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருக்கின்றோம். “எல்லாவற்றையும் பொறியே பதிந்துகொள்ளும், கோப்பின் மேல் அழுத்திப் பார்த்தால் நாளும் நேரமும் தோன்றும், நாம் எழுதுவானேன்?” என்று கேட்போர் பலர். நம் பழைய மாணவர்கள் தம்மிடமுள்ள ஒளிப்படங்களையும் கடிதங்களையும் கூட்டக் குறிப்புகளையும் எண்ணிம வடிவிலே திரட்டிக் கல்லூரிக்கு அளிக்கத் தொடங்கியிருக்கும் இவ்வேளையிலே, இக்கேள்விக்கு விடை காண்பது அவசியமாகின்றது. பொறி பதியும் நாள் பொய்யன்று. ஆனால் அது நாம் கேட்கும் கேள்விக்கு உரிய விடையுமன்று என்பதே எமது கருத்து. அதனை நிறுவுவதற்குப் பொறி எதனைப் பதிகின்றது, எப்போது பதிகின்றது என்பவற்றை முதற்கண் நோக்குவோம்.

கணினியின் தட்டிலே கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையைக் கோப்பு முறைமை என்பர். அது ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் இடாப்புப் பதிவை வைத்திருக்கும். கோப்பின் அளவு, உரிமையாளர், அதனைத் திறக்க அனுமதி பெற்றோர், தட்டில் அது கிடக்கும் இடம் ஆகிய விபரங்களோடு சில நேரங்களும் அப்பதிவிலே உண்டு. எத்தனை நேரங்கள், எவை என்பது முறைமைக்கு முறைமை வேறுபடும்.

1969ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையின் வழிவந்தவை மூன்று நேரங்களைப் பேணுகின்றன. கோப்பின் உள்ளடக்கம் இறுதியாக மாறிய நேரம் ஒன்று. கோப்பு இறுதியாக வாசிக்கப்பட்ட நேரம் மற்றொன்று. இடாப்புப் பதிவே இறுதியாக மாறிய நேரம் மூன்றாவது. இம்மூன்றாவதைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கப் பெயர் ‘சி’ என்னும் எழுத்திலே தொடங்குவதால், அது கோப்பு உருவான நேரம் எனப் பலரும் மயங்குவர். உண்மை அதுவன்று. ஒருவர் கோப்பின் உரிமையாளரை மாற்றினாலும், அதனைத் திறக்கும் அனுமதியை மாற்றினாலும், உள்ளே ஓர் எழுத்தும் அசையாதிருக்க அந்நேரம் மாறிவிடும். கோப்பு பிறந்த நேரத்தைப் பழைய யுனிக்ஸ் வழி முறைமைகள் நெடுங்காலம் பேணவேயில்லை. லினக்ஸில் வழங்கும் எக்ஸ்ட்4 போன்ற பின்வந்த முறைமைகளே அதனை நான்காவதாகச் சேர்த்தன.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பழைய ஃபாட் முறைமையோ முதலில் மாற்றிய நேரம் ஒன்றையே வைத்திருந்தது. நாளுக்கு 16 பிட், நேரத்துக்கு 16 பிட் என்ற சிக்கனமான ஏற்பாடு அது. நாளுக்குரிய 16இல் ஆண்டுக்கு 7, மாதத்துக்கு 4, தேதிக்கு 5. நேரத்துக்குரிய 16இல் மணிக்கு 5, நிமிடத்துக்கு 6, எஞ்சிய 5 விநாடிக்கு. ஐந்து பிட்டுகளிலே 32 வரை மட்டுமே எண்ணலாம் ஆதலின், 60 விநாடிகளையும் குறிக்க இடம் போதவில்லை. எனவே விநாடிகளை இரண்டிரண்டாக எண்ணினர். ஆண்டுக்குரிய ஏழு பிட்டுகள் 1980இலிருந்து 2107 வரையே செல்லும். ஆகவே இம்முறைமையிலே 1979ஆம் ஆண்டு என்று ஒன்று இருந்ததேயில்லை. 1995இன் பின் வந்த விண்டோஸ் அதனோடு உருவான நேரத்தையும், வாசித்த தேதியையும் சேர்த்தது. வாசித்ததற்குத் தேதி மட்டுமே உண்டு, மணி இல்லை.

1993இல் வந்த என்.டி.எஃப்.எஸ். முறைமை பரந்த உள்ளம் கொண்டது. 1601ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதியிலிருந்து, ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணுவது. உருவானது, மாறியது, பதிவு மாறியது, வாசித்தது என நான்கு நேரங்களைப் பேணுவது. மேலும் அவை கிறீனிச் நேரத்தை அடியொற்றிய உலகப் பொது நேரத்திலே பதியப்படுகின்றன. திரையிலே தோன்றும்போதுதான் அந்தந்த நாட்டு நேரமாக மாறுகின்றன.

இனி, இந்நேரங்கள் எப்போது மாறுகின்றன என்பதை நோக்குவோம். கோப்புக்குள் எழுதும்போது மாற்றிய நேரம் மாறும், இது எளிது. கோப்பின் பெயரை மாற்றினால், அதன் மாற்றிய நேரம் மாறுவதில்லை. அதனைக் கொண்டிருக்கும் அடைவின் நேரமே மாறும். பெயர் அடைவுக்கு உரியது, உள்ளடக்கம் கோப்புக்கு உரியது என்னும் நியாயமே இதற்குக் காரணம். ஆனால் நகலெடுக்கும்போது வருவது விநோதமானது. விண்டோஸ் கணினியிலே 2003இல் எழுதி முடித்த கட்டுரையொன்றை 2021இல் புதிய கணினிக்கு நகலெடுத்தால், புதிய நகலின் மாற்றிய நாள் 2003 என்றும் உருவாக்கிய நாள் 2021 என்றும் தோன்றும். பிறப்பதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே வளர்ந்துவிட்ட பிள்ளை போலும் இது! இதில் பிழை யாதுமில்லை. அந்தத் தட்டிலே அந்தக் கோப்பு தோன்றியது 2021இல்; அதன் உள்ளடக்கம் இறுதியாக மாறியது 2003இல். பொறி தன் அனுபவத்தை உள்ளபடியே சொல்லியது. அதனைக் கட்டுரையின் சாதகமாக வாசித்தவர் நாமே. யுனிக்ஸ் வழி முறைமைகளில் சாதாரணமாக நகலெடுத்தாலோ மாற்றிய நேரமும் நகலெடுத்த நேரமாகவே ஆகிவிடும். பழைய நேரத்தைக் காக்கும்படி வேண்டி நகலெடுத்தால் மட்டுமே அது நிலைக்கும்.

ஒரு கோப்பைத் திருத்திச் ‘சேமி’ என்னும்போதும் நாம் எண்ணுவது போல நிகழ்வதில்லை. பல எழுதுசெயலிகள் இடையிலே மின்சாரம் நின்றால் பழையது கெடாதிருக்க வேண்டி, புதிய கோப்பொன்றை முழுமையாக எழுதிவிட்டுப் பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. நமக்கு அது ஒரே கோப்பு. முறைமைக்கோ வேறு கோப்பு. எனவே லினக்ஸில் அதன் பிறந்த நேரம் இறுதியாகச் சேமித்த நேரமாகிவிடும். விண்டோஸ் இதற்கு ஒரு தந்திரம் செய்தது. நீக்கிய பெயரிலேயே 15 விநாடிகளுக்குள் புதிய கோப்பு தோன்றினால், பழையதன் பிறந்த நேரத்தையே அதற்கு வழங்கிவிடும். வசதிக்காகச் செய்த இவ்வேற்பாடு, ‘உருவாக்கிய நேரம்’ என்ற சொல்லின் பொருளை மேலும் ஒரு படி மங்கச் செய்துவிட்டது.

வாசித்த நேரத்தின் கதை இன்னும் சுவையானது. கோப்பை ஒருவர் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அந்நேரத்தைப் பதிவதென்றால், வாசித்தல் ஒவ்வொன்றும் தட்டிலே ஓர் எழுதுதலாக முடிகின்றது. நூல்நிலையத்திலே ஒருவர் ஒரு நூலைப் புரட்டும்போதெல்லாம் நூலகர் எழுந்து சென்று இடாப்பிலே எழுதிவருவாராயின், அவருக்கு வேறு வேலைக்கு நேரமேது? ஆதலின் 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா இப்பதிவைத் தானாக நிகழாதபடி நிறுத்திவைத்தது. லினக்ஸ் 2009 முதல் ஒரு நடுவழியைக் கைக்கொண்டது. முன்பு பதிந்த வாசிப்பு நேரம் கோப்பின் இறுதி மாற்றத்துக்கு முற்பட்டதாயிருந்தாலோ, 24 மணிக்கு மேற்பட்டுப் பழையதாயிருந்தாலோ மாத்திரமே புதியதைப் பதியும். ஆகவே இன்று ஒரு கோப்பிலே காணும் ‘இறுதியாக வாசித்த நேரம்’, இறுதியாக வாசித்த நேரம் அன்று. அந்நேரத்தைக் காட்டி, “இவர் இக்கடிதத்தை வாசிக்கவில்லை” என்று ஒருவரைக் குற்றம் சாட்டுவதும், “வாசித்தார்” என்று சாதிப்பதும் ஒருங்கே தவறாகும்.

நேரத்தை எந்த நாட்டு மணிக்கூட்டைக் கொண்டு பதிவது என்பது மற்றொரு சிக்கல். ஃபாட் முறைமை அவ்வூர் மணிக்கூடு காட்டும் நேரத்தையே எழுதிவைக்கும். எவ்வூர் என்பதை எழுதாது. ரொறன்ரோவில் வாழும் நம் பழைய மாணவரொருவர் கோடைகால இரவு 10 மணிக்கு ஒரு படத்தை ஃபாட் முறைமை கொண்ட பென் டிரைவிலே இட்டு இங்கே கொணர்ந்தால், யாழ்ப்பாணத்துக் கணினியும் இரவு 10 என்றே காட்டும். அதே படத்தை என்.டி.எஃப்.எஸ். தட்டிலே கொணர்ந்தால் மறுநாட் காலை 7.30 என்று காட்டும். இரண்டும் ஒரே கணத்தைக் குறிப்பன. ஆனால் தேதியே வேறுபட்டுவிட்டது. பின்வந்த எக்ஸ்ஃபாட் முறைமை, உலகப் பொது நேரத்துக்கும் அவ்வூர் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் பதிவதற்கு இடம் வைத்திருப்பது பாராட்டுக்குரியது.

இலங்கையராகிய நமக்கு இச்சிக்கல் வெளிநாட்டினால் மட்டும் வந்ததன்று. மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக 1996ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி இந்நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபர் 26ஆம் தேதி அரைமணி பின்னே இழுக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி எஞ்சிய அரைமணியும் கழிக்கப்பட்டுப் பழைய நிலை மீண்டது. இக்காலத்துப் பிளொப்பித் தட்டொன்றிலே ஒரு கடிதம் பிற்பகல் 4 மணி எனக் குறி பெற்றிருக்குமாயின், அது 1996 ஜூன் மாதத்ததாயின் கிறீனிச் நேரம் 9.30, அவ்வாண்டு டிசெம்பர் மாதத்ததாயின் 10 மணி, 2006 மே மாதத்ததாயின் 10.30. குறி ஒன்று, கணம் மூன்று! அவ்வாண்டுகளிலே வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே வழங்கிவந்தது. ஆகவே ஒரே நாளில், ஒரே குறியுடைய இரு கோப்புகள், ஓமந்தைக்கு இப்பால் எழுதியதா அப்பால் எழுதியதா என்பதைப் பொறுத்து வேறு வேறு கணங்களைக் குறிக்கலாம். போர்க்காலத்துக் கடிதங்களையும் அறிக்கைகளையும் நாளை ஆராயப் புகுவோருக்கு அரைமணி சிறிதன்று. முன்னே நிகழ்ந்தது எது, பின்னே நிகழ்ந்தது எது என்பதே வழக்கின் உயிர்நாடியாக அமைவதுண்டு.

எண்ணிக்கையின் எல்லையும் கவனிக்கத்தக்கது. 1971இல் வந்த யுனிக்ஸின் முதற்பதிப்பு, விநாடியின் அறுபதில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு 1971 ஜனவரியிலிருந்து எண்ணியது. 32 பிட்டுகளிலே அவ்வெண்ணிக்கை இரண்டேகால் ஆண்டிலே நிரம்பிவிடும் என்பதனால், பின்னர் 1970 ஜனவரி முதலாம் தேதியிலிருந்து விநாடிகளாக எண்ணத் தலைப்பட்டனர். அதுவும் குறியுடைய 32 பிட் எண்ணாக இருக்கும் இடங்களிலே, 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, நம் நாட்டு நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு நிரம்பி, அடுத்த விநாடி 1901 டிசெம்பருக்குத் திரும்பிவிடும். எக்ஸ்ட்4 முறைமை மேலும் இரண்டு பிட்டுகளைக் கடன் வாங்கி 2446 வரை வழிசெய்திருக்கின்றது. பழைய பொறிகளும் பழைய தட்டுகளும் அவ்வாறு செய்யவில்லை.

இவற்றைக் கேட்போர் இது மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணவேண்டா. நம் ஏட்டுச்சுவடிகளின் நாளைத் தீர்மானிக்க முயன்றோர் பட்ட பாடும் இதுவே. பிரபவ முதல் அட்சய ஈறாக உள்ள அறுபது பெயர்களும் சுழன்று சுழன்று வருவன. ‘விகிர்தி வருடம் எழுதியது’ என்று ஓர் ஏடு சொன்னால், அது 1890ஆ, 1950ஆ, 2010ஆ? அறுபதாண்டிலே நிரம்பித் தொடக்கத்துக்குத் திரும்பும் எண்ணிக்கைக்கும், 2038இல் நிரம்பித் திரும்பும் எண்ணிக்கைக்கும் அளவிலன்றி இயல்பிலே வேற்றுமை யாது? ஆயின் நம் ஏடெழுதுவோர் கிழமையையும் நட்சத்திரத்தையும் உடன் குறித்துவைத்தமையால், எல். டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை 1922இல் வெளியிட்ட காலக்கணிப்பு நூல்கள் போன்றவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்பதைப் பல வேளைகளிலே துணிய முடிகின்றது. ஒரு சான்று தவறினால் மற்றொன்று கைகொடுத்தது. கோப்பின் மேலுள்ள குறிக்கோ துணைச்சான்று இல்லை, நாம் எழுதிவைத்தாலன்றி.

மற்றுமொன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தமக்குக் கிட்டிய ஏடுகள் படிகளின் படிகள் என்பதை அறிந்தே பதிப்பித்தார். ஏட்டின் வயது வேறு, நூலின் வயது வேறு. ஏட்டின் ஓலை நூறு ஆண்டுக்கு உட்பட்டதாயினும், நூல் ஆயிரமாண்டுக்கு மேற்பட்டதாகலாம். இந்த எளிய வேற்றுமையை ஏட்டைப் பொறுத்தவரை மறவாத நாம், கோப்பைப் பொறுத்தவரை மறந்துவிடுவது வியப்பன்றோ? 1939ஆம் ஆண்டுக் கல்லூரி மலரை 2019இல் ஸ்கான் செய்தால் கோப்பு 2019க்கு உரியது; மலர் 1939க்கு உரியது. கோப்பின் நாள் என்பது இக்காலத்து ஓலையின் வயதேயன்றி நூலின் வயதன்று.

இங்கே நல்லெண்ணம் கொண்ட சிலர் வேறொரு பிழையைச் செய்யக்கூடும். கோப்பின் நேரத்தையே 1939க்கு மாற்றி வைத்துவிட்டால் என்ன என்பர். மாற்றுவது எளிதே, அதற்கென்று கட்டளைகளும் செயலிகளும் உள. அவ்வளவு எளிதாக மாற்றக்கூடியது என்பதே அதனைச் சான்றாகக் கொள்ளலாகாமைக்கு முதற்காரணம். ஆனால் அக்கோப்பை ஃபாட் முறைமை கொண்ட பென் டிரைவுக்கு மாற்றியதும், 1980க்கு முன் காலமேயில்லாத அம்முறைமை அந்நாளைக் கைவிட்டுவிடும். அன்றியும், ஸ்கான் செய்த நாள் என்னும் உண்மையொன்றை அழித்து, அதன் இடத்திலே நமது ஊகமொன்றை வைத்தவர்களாவோம். பழைய கட்டடத்துக்குப் புதுச் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் பழைய ஆண்டைப் பொறிப்பது போன்றது அது.

அப்படியாயின் பொறி பதியும் நேரங்கள் பயனற்றவையோ என்று கேட்கலாம். அன்று. எதற்காக ஏற்பட்டனவோ அதற்கு அவை பெரும் பயன் தருவன. 1976இல் ஸ்ருவேட் ஃபெல்ட்மன் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய ‘மேக்’ என்னும் கருவி, மூலக் கோப்பு விளைவுக் கோப்பைவிடப் புதியதா என்ற ஒன்றையே நோக்கி, எதனை மீளச் செய்யவேண்டும் என்று தீர்மானிக்கின்றது. அரை நூற்றாண்டாக அதன் வழி நிற்போர் பலர். காப்புப்படி எடுக்கும் செயலிகள் நேற்றிலிருந்து மாறிய கோப்புகளை இந்நேரங்களைக் கொண்டே பொறுக்கி எடுக்கின்றன. குற்றப் புலனாய்வாளரும் இவற்றை ஒதுக்குவதில்லை. என்.டி.எஃப்.எஸ். முறைமையிலே பெயர்ப் பதிவோடு வேறாக வைக்கப்பட்டிருக்கும் நேரங்களையும் எடுத்து, ஒன்றையொன்று முரண்படுகின்றதா என்று ஒப்பிட்டு நோக்குவர். அவர்கள் ஒரு குறியைத் தனித்து நம்புவதில்லை. பல குறிகளை ஒன்றோடொன்று வாதிடச் செய்து உண்மையைக் காண முயல்வர். நாம் கூறுவதும் அதுவே. சாட்சியை விலக்க வேண்டா; ஒரு சாட்சியை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பு வழங்க வேண்டா.

நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்தே நடக்கின்றது. கணினி தந்த சான்றை ஏற்பதற்கு இடமளித்த 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், பொறி செவ்வையாக இயங்கியமை போன்ற நிபந்தனைகளோடுதான் இடமளித்தது. இலத்திரனியல் ஆவணங்களுக்கு அங்கீகாரம் வழங்கிய 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும், மரணசாதனத்தையும் காணி உறுதியையும் தன் எல்லைக்குப் புறம்பே நிறுத்தியது. சங்கங்களிலும் சபைகளிலும் ஒரு தீர்மானத்தின் வரைவு கூட்டத்துக்கு முன் எழுதப்பட்டதா பின் எழுதப்பட்டதா என்று பிணக்கு எழும்போது, ஒருவர் கணினித் திரையைக் காட்டி, “இதோ பாருங்கள், நாள்!” என்று முழங்குவதைக் கேட்டு நாம் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. நேர்மையானவர் ஒருவர் பழைய கோப்பைப் புதிய கணினிக்கு மாற்றியமையாலேயே பொய்யர் ஆக்கப்படலாம். பொய்யர் ஒருவர் மணிக்கூட்டைத் திருகியமையாலேயே மெய்யர் ஆகலாம். கணினியின் உள்ளே மணிக்கூட்டை ஓட்டும் சிறு மின்கலம் தீர்ந்துபோனால், ஒரு குற்றமும் செய்யாத கோப்பு 1980 என்றோ 2000 என்றோ நாள் பெறுவதும் கண்கூடு.

மயக்கத்துக்குச் சொற்களும் ஒரு காரணம் என்பது எமது துணிபு. கலைச்சொல்லாக்கத்திலே இலங்கைத் தமிழர் பெற்ற பெயர் பெரிது. அப்பெருமைக்கு ஏற்ப, கணினித் திரையிலே ‘உருவாக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தை அடியொற்றிப் பெயர்க்காமல், அது உண்மையில் குறிப்பது யாதோ அதற்குப் பெயரிடுதல் வேண்டும். ‘இத்தட்டுக்கு வந்த நேரம்’, ‘உள்ளடக்கம் மாறிய நேரம்’, ‘பதிவு மாறிய நேரம்’ என்று எழுதினால் நூறு பிணக்குகள் தோன்றாமலே ஒழியும். ஆங்கிலத்திலே தவறிய பெயரைத் தமிழிலும் தவறவிட வேண்டும் என்னும் கட்டாயம் நமக்கில்லை.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, நாளைக் கோப்பின் பெயரிலேயே எழுதுக. ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையிலே 1958-07-12 என எழுதினால், பெயர்வரிசையே காலவரிசையும் ஆகும். ஆண்டு மாத்திரம் தெரியுமாயின் ஆண்டை மாத்திரம் எழுதுக. ஊகமாயின் ‘ஏறத்தாழ’ என்று சேர்க்க. இரண்டாவது, ஓர் இடாப்பு வைக்க. பொருள் யாது, எவர் ஆக்கியது, எந்நாளது, அந்நாள் எவ்வாறு தெரியவந்தது, எவரிடமிருந்து பெற்றது, எவர் எப்போது ஸ்கான் செய்தது என்னும் ஆறு கேள்விகளுக்கும் அதிலே விடை வேண்டும். அதன் அச்சுப்படி ஒன்று கடதாசியிலும் இருத்தல் நன்று. மூன்றாவது, வந்த கோப்பை வந்தவாறே ஒரு படி காத்து, திருத்தங்களை வேறு படியிலே செய்க. ஒளிப்படக் கருவி படத்தின் உள்ளேயே எழுதும் நாட்குறிப்பு கோப்பின் புறக்குறியிலும் நம்பத்தக்கது. ஆயின் வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பும்போது அது நீங்கிவிடுகின்றது. ஆவணமாக அனுப்பினால் நீங்குவதில்லை. அன்பர்கள் இதனைச் சிறப்பாக மனங்கொள்க. நான்காவது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும், விரலடையாளம் போன்ற எண்ணொன்றை இடாப்பிலே குறித்துவைக்க. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். நேரக்குறி எத்தனை முறை மாறினாலும் அவ்வெண் மாறாது. கோப்பு அதுவேதானா என்ற ஐயத்துக்கு நேரக்குறியினும் இதுவே உரிய மருந்து.

“இத்தனையையும் செய்ய யாருக்கு நேரமுண்டு?” என்பார் உளர். அவர்களுடைய தடையை நாம் புறக்கணிக்கவில்லை. தொழிலுக்கும் குடும்பத்துக்கும் இடையே ஓய்வு வேளையிலே படங்களை ஸ்கான் செய்யும் அன்பரிடம் ஆறு கேள்விகள் கேட்பது கடுமையாகவே தோன்றும். ஆனால் பின்வருவோர் படும் சிரமத்தோடு அதனை ஒப்பிடுக. படத்திலே நிற்கும் ஆசிரியரையும் மாணவரையும் அடையாளம் கூறக்கூடிய முதியோர் இன்று நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் ஒரு மாலைப்பொழுது செலவிட்டுக் கேட்டெழுதக்கூடிய ஒரு வரியை, இருபதாண்டு கழித்து எத்தனை அறிஞர் கூடினும் எழுதவியலாது. ஐந்து நிமிடப் பணியைச் செய்யாது விடுவதனால், ஐம்பது ஆண்டுக்கு ஆராய்ச்சி ஒன்றை நாம் உண்டாக்கி வைக்கின்றோம்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன் பின்னர் எழுத்தைக் காப்பது என்பது நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் கடதாசி அழியினும் எழுத்து அழியாதிருக்க வழிகண்டன. ஆயினும் அழிவு இருவகைப்படும். பொருள் அழிவது ஒன்று. பொருள் இருந்தும் அது எக்காலத்தது, எவருடையது என்னும் அறிவு அழிவது மற்றொன்று. முன்னையது தீயால் ஓரிரவிலே வரும். பின்னையது நம் சோம்பலால், ஒவ்வொரு நகலிலும் சிறிது சிறிதாக, ஓசையின்றி வரும். நாளில்லாத பத்தாயிரம் படங்கள் கல்லூரியின் வரலாறு ஆகமாட்டா. அவை பத்தாயிரம் புதிர்களாகவே கிடக்கும்.

பொறி தன் கடமையைச் செய்கின்றது. தனக்கு எது எப்போது நேர்ந்தது என்பதை அது விநாடியின் கோடியில் ஒரு பங்கு வரை எழுதிவைக்கின்றது. நமக்கு எது எப்போது நேர்ந்தது என்பதை எழுதும் கடமை நம்முடையது. இவ்விழாவை ஒட்டிக் கல்லூரிக்குப் படமோ கடிதமோ அனுப்பவிருக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவரும், அனுப்புமுன் அதன் நாளையும், படத்திலுள்ளார் பெயரையும், அவற்றை அறிந்தவாறையும் ஒரு வரியிலேனும் எழுதி உடன் அனுப்புவாராக. அவ்வொரு வரி, அனுப்பும் படத்திலும் பெரிய கொடையாகும்.